தாத்தாவோடு பட்டாளத்தில் இருந்த சார்ஜென்ட் ஒரு நாட்டுக்கே ஜனாதிபதி ஆனாரா?

குருசுக்குப்பம் பேத்தி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாண்டி சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் ஊர்ச் சிப்பாய்கள், பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். முதலில் சைகோன், அப்புறம் அல்ஜீரியா. அறுபதுகளில் ஊர் திரும்பி, குருசுக்குப்பத்தில் வீடு கட்டி, பென்ஷனில் காலம் தள்ளினார். ஜூலை 14 அன்று மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போவதைத் தவிர பட்டாளம் பற்றி வாய் திறக்க மாட்டார்.

போன மாதம் அவருடைய இரும்புப் பெட்டியைக் காலி செய்தோம். அதில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆப்பிரிக்கரின் படம். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள டோகோ நாட்டு ஜனாதிபதி எயாதெமா இறந்துவிட்டார் என்ற செய்தி, பிப்ரவரி 2005. ஓரத்தில் தாத்தா தமிழில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "நம்ம பட்டாளத்து ஆள்."

ஆயாவிடம் கேட்டால், "அவனும் நானும் ஒரே கேம்ப்னு உங்க தாத்தா சொல்வாரு, வேல தரலன்னு பெரியவரையே சுட்டுட்டானாம்" என்கிறார். அப்பாவோ, தாத்தா ரெண்டு கிளாஸ் போட்டால் பிரெஞ்சு ஜனாதிபதி தெகோலே கூட அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார் என்பார், விடு என்கிறார்.

அந்த ஆள் சர்வாதிகாரி என்பது இணையத்தில் படித்தாலே தெரிகிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சாதாரண சார்ஜென்ட் எப்படி நாட்டைப் பிடித்தார்? வேலை தரவில்லை என்று சுட்டது உண்மையா? தாத்தா அவரைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?

வைசியாள் வீதி மாஸ்டர் எழுதியது:

அம்மா பேத்தி, நல்ல கேள்வி. என் தகப்பனாரும் சொல்தாதான். அவரும் அவர் கூட்டாளிகளும் திண்ணையில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிறகு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். எனவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் ஆயா சொன்னதில் பெரும்பகுதி உண்மை. வேலைத் தகராறில் தொடங்கிய ஆட்சிதான் அது.

எயாதெமா வடக்கு டோகோவில் பியா என்ற ஊரில் பிறந்தவர். அரசு சொன்ன பிறந்த தேதி 1935 டிசம்பர் 26. கபியே என்ற மலைநாட்டு இனம். நிலம் கல்லும் கரடுமாக இருக்கும், குடியானவர்கள் தெற்கே கூலி வேலைக்கு இறங்குவார்கள், அல்லது பட்டாளத்தில் சேருவார்கள். வெள்ளைக்காரன் அவர்களைச் "சண்டைக்கு ஏற்ற ஜாதி" என்று முத்திரை குத்தி ஆள் எடுத்தான். தென்பகுதிக் கடலோரத்து எவே, மினா மக்கள் மிஷன் பள்ளியில் படித்துக் குமாஸ்தாவாகவும் வியாபாரியாகவும் ஆனார்கள். டோகோவின் பிற்காலத் தகராறு முழுவதற்கும் இந்தப் பிரிவினைதான் வேர்.

1953-ல் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது பெயர் எத்தியேன் எயாதெமா. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தார். தஹோமே, நைஜர் பக்கமும் வேலை பார்த்தார். தஹோமே என்பது இன்றைய பெனின். சார்ஜென்ட் வரை உயர்ந்தார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு அதற்கு மேல் போவது குதிரைக் கொம்பு. இதுவரை நம் ஊர்ப் பிள்ளைகளின் கதைக்கும் அவர் கதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வீடு திரும்பும்போதுதான் வந்தது.

டோகோ 1960 ஏப்ரல் 27-ல் விடுதலை அடைந்தது. முதல் ஜனாதிபதி சில்வானுஸ் ஒலிம்பியோ. லண்டனில் பொருளாதாரம் படித்தவர், யூனிலீவர் குழுமத்தின் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர், தெற்கத்திக்காரர். கஜானாவில் ஒரு காசு வீணாகக் கூடாது என்பார். சின்ன நாட்டுக்குப் பெரிய பட்டாளம் எதற்கு என்று சுமார் 250 பேரோடு நிறுத்திவிட்டார். அல்ஜீரியப் போர் 1962-ல் முடிந்தது. பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கச் சிப்பாய்களைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பியது. டோகோவுக்குத் திரும்பியவர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் வடக்கர்கள். எங்களை நாட்டுப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனு கொடுத்தார்கள். ஒலிம்பியோ மறுத்தார். விடுதலைக்குப் போராடிய அல்ஜீரியர்களைச் சுட்டுவிட்டு வந்த கூலிப்படை என்பது அவர் எண்ணம். அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் துப்பாக்கி பிடிக்க மட்டும் தெரிந்த நானூறு ஐந்நூறு பேரைச் சோற்றுக்கு வழியில்லாமல் தலைநகரில் திரியவிட்டது விவேகம் இல்லை. கையில் இருந்த சிறு பட்டாளத்திலும் சம்பளக் குறை, பதவி உயர்வு இல்லை என்ற புகைச்சல். ரெண்டும் சேர்ந்துகொண்டது.

1963 ஜனவரி 12 இரவு வீட்டைச் சூழ்ந்தார்கள். ஒலிம்பியோ மதில் ஏறிக் குதித்துப் பக்கத்தில் இருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் போனார். அங்கே நின்ற காருக்குள் ஒளிந்தார். தூதருக்கு விஷயம் தெரியவந்தது. ஆனாலும் விடிந்தபோது சிப்பாய்கள் ஒலிம்பியோவைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். 13-ம் தேதி காலை தூதரக வாசலருகே சுட்டுக் கொன்றார்கள். உடலை எல்லை தாண்டி தஹோமேயில் அகுவே என்ற ஊரில்தான் புதைக்க முடிந்தது.

சுட்டது யார்? கலகத்துக்குத் தலைவராக முன்னால் நின்றவர் எம்மானுவேல் போஜொலே என்பவர். ஆனால் சில நாளில் வெளிநாட்டு நிருபர்களிடம் "நான்தான் சுட்டேன்" என்று மார் தட்டியவர் நம் எயாதெமா. பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனதும் அதையே மறுத்தார். நிருபர்கள் எழுதியது அச்சில் இருக்கிறது, என்ன செய்வது? பிரான்சுக்கு இதில் பங்கு உண்டா என்ற சந்தேகமும் தீர்ந்தபாடில்லை. காரணம், ஒலிம்பியோ பிரெஞ்சு ஃபிராங்க்கோடு கட்டப்பட்ட நாணயத்தை விட்டு வெளியேறித் தனி நாணயம் அச்சடிக்கத் திட்டமிட்டிருந்தார்.

அந்த மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கியபோது டோகோவுக்கு நாற்காலி போடவில்லை. ரத்தக் கறையோடு வந்த அரசை மற்றவர்கள் ஏற்கத் தயங்கினார்கள். மற்ற தலைவர்களுக்குப் பயம். நம் நாட்டுப் பாரக்கிலும் இப்படி நாலு சார்ஜென்ட் இருப்பானே!

கேட்ட வேலை கிடைத்தது. திரும்பி வந்த சொல்தாக்கள் புதிய பட்டாளத்தில் இடம் பிடித்தார்கள். முன்னாள் பிரதமர் நிக்கோலா குருனிட்ஸ்கியைக் கூப்பிட்டு ஜனாதிபதி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எயாதெமா உடனே நாட்டைப் பிடிக்கவில்லை, இதைக் கவனி. நாலு வருஷம் பட்டாளத்துக்குள்ளேயே ஏணி ஏறினார். 1965-ல் தளபதி. குருனிட்ஸ்கிக்கும் அவர் துணை ஜனாதிபதிக்கும் ஒத்துப்போகாமல் அரசு தள்ளாடியது. 1967 ஜனவரி 13, அதாவது ஒலிம்பியோ செத்த அதே தேதியில், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஆட்சியை எடுத்தார். நடுவில் மூன்று மாதம் கிளேபர் தாஜோ என்பவரைப் பெயருக்கு வைத்து, ஏப்ரல் 14-ல் தானே ஜனாதிபதி ஆனார். அந்த ஜனவரி 13 பிறகு விடுதலைத் திருநாள், அணிவகுப்போடு! அப்பன் செத்த நாளில் மேளம் வாசிக்கிற மாதிரி ஒலிம்பியோ குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

அவர் படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். ஒலிம்பியோ எதனால் விழுந்தார் என்பதை அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எனவே பட்டாளத்துக்கு ஒருநாளும் பட்டினி இல்லை. 250 பேர் இருந்த இடத்தில் பல ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதி வடக்கர், அதிலும் கபியே. மேல்பதவிகளில் அவர் ஊர்க்காரரும் உறவினரும். 1969-ல் ஒரே கட்சி, மற்றதெல்லாம் தடை. தேர்தல் வைத்தால் ஒரே வேட்பாளர், 99 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. கட்சியை எடுத்துவிட்டாலும் ஆட்சி நின்றிருக்கும், பட்டாளத்தை எடுத்தால் ஒரு மாதம் தாங்காது.

சராக்காவா கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1974 ஜனவரி 24. வடக்கே சராக்காவா அருகே அவர் போன விமானம் விழுந்தது. சிலர் இறந்தார்கள், அவர் பிழைத்தார். டோகோவின் பெரிய வருமானம் பாஸ்பேட். அந்தச் சுரங்கத்தை நடத்திய பிரெஞ்சுக் கம்பெனியில் அரசின் பங்கை உயர்த்தப் போவதாக அப்போதுதான் சொல்லியிருந்தார். உடனே, ஏகாதிபத்தியவாதிகள் என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று அறிவித்தார். தான் ஒருவன் மட்டுமே தப்பியதாகப் பிரச்சாரம். வேறு சிலரும் தப்பினார்கள் என்பதைப் பேசவிடவில்லை. பிப்ரவரி 2-ல் தலைநகர் லோமேக்கு ஊர்வலமாகத் திரும்பினார். சுரங்கம் முழுக்க நாட்டுடைமை ஆயிற்று. எத்தியேன் என்ற கிறிஸ்தவப் பெயரை விட்டு நியாசிங்பே எயாதெமா ஆனார், மக்களும் ஐரோப்பியப் பெயரை விட வேண்டியிருந்தது. விபத்து நடந்த இடத்தில் நினைவிடம், அந்தத் தேதிக்கு விடுமுறை. 1976-ல் அவரை நாயகனாக வைத்துச் சித்திரக்கதைப் புத்தகம்கூட வந்தது. குண்டு துளைக்காத வீரனாக அதில் வருவார். நல்ல வேளை, நம் ஊரில் கட்-அவுட்டோடு நின்றுவிட்டார்கள்.

பாஸ்பேட் விலை 1974-ல் பல மடங்கு ஏறியது, சீக்கிரமே சரிந்தது. விலை ஏறின தைரியத்தில் வாங்கிய கடன் மட்டும் நின்றது. ஆலைகள், ஓட்டல்கள், மாளிகைகள் எல்லாம் கடன்.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் மாட்டேன். 1975-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் 46 ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளும் வர்த்தக ஒப்பந்தம் போட்ட ஊர் லோமே. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்புக்கு நைஜீரியாவின் அப்போதைய ராணுவ ஆட்சியாளர் கோவோனோடு சேர்ந்து அலைந்தவர் இவர். 1999-ல் சியரா லியோன் போர்நிறுத்த ஒப்பந்தமும் லோமேயில்தான் கையெழுத்தானது. வெளியே சமாதானத் தூதர், உள்ளே சிறைச்சாலை. இந்த ரெட்டை வேஷத்தால்தான் பாரிஸ் அவரைக் கடைசி வரை கைவிடவில்லை.

தொண்ணூறில் காற்று மாறியது. அக்டோபர் 5, 1990: துண்டறிக்கை கொடுத்த மாணவர்கள் மீதான வழக்கு நடந்த நாளில் லோமே கொந்தளித்தது. அடுத்த ஏப்ரலில் லோமேயின் பே குளத்தில் பிணங்கள் மிதந்தன. அந்தக் கோடையில் தேசிய மாநாடு கூடி, பிஷப் ஒருவர் தலைமையில், ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பறித்து ஜோசப் கொஃபிகோவைப் பிரதமர் ஆக்கியது. காகிதத்தில் எயாதெமா முடிந்துபோனார். டிசம்பர் 3-ம் தேதி டாங்கிகள் பிரதமர் அலுவலகத்தை உடைத்தன. கொஃபிகோவைப் பிடித்து எயாதெமா முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரான்ஸ் பக்கத்து பெனின் வரை படை அனுப்பியது, உள்ளே வரவில்லை. கால் நூற்றாண்டு ஊட்டி வளர்த்த பட்டாளம் அன்றைக்கு அவருக்குக் கடன் தீர்த்தது.

1992 நவம்பரில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் மாதக் கணக்கில் நீண்டது. 1993 ஜனவரியில் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு. லட்சக்கணக்கானோர் கானாவுக்கும் பெனினுக்கும் ஓடினார்கள். வேலைநிறுத்தம் பசியில் ஓய்ந்தது. அரசு ஊழியர் சம்பளம் நின்றாலும் சிப்பாய்ச் சம்பளம் நிற்காது என்பதை எதிர்க்கட்சிக்காரர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 1993, 1998 தேர்தல்கள் பெயருக்கு. 1999-ல் பிரெஞ்சு ஜனாதிபதி ஷிராக்கிடம் 2003-ல் இறங்கிவிடுவேன் என்றார். 2002 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி மறுபடி நின்றார். அந்தத் திருத்தத்தில் இன்னொரு வரியும் நுழைந்தது: ஜனாதிபதி ஆகும் வயது 45-லிருந்து 35 ஆனது. அவர் மகன் ஃபோருக்கு அப்போது 36. தற்செயல்தானே!

2005 பிப்ரவரி 5-ல் சிகிச்சைக்கு வெளிநாடு கொண்டுபோகும் வழியில், துனீசிய வானத்தில், விமானத்திலேயே இறந்தார். 38 வருஷம். அப்போது ஆப்பிரிக்காவிலேயே நீண்ட ஆட்சி. உன் தாத்தா வெட்டி வைத்த செய்தி அதுதான்.

இனி நம் ஊர். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த நம் சொல்தாக்கள் பிரெஞ்சுக்காரனுக்குச் சமமான பென்ஷன் வாங்கினார்கள். அதில்தான் உன் வீடு எழுந்தது, என் படிப்பும் நடந்தது. ஆனால் விடுதலை பெற்ற நாடுகளின் பழைய சிப்பாய்களுக்கு 1959 டிசம்பர் சட்டம் பென்ஷனை இருந்த இடத்திலேயே உறைய வைத்துவிட்டது. ஒரே பதுங்கு குழியில் கிடந்த ரெண்டு பேரில் ஒருவனுக்குப் பல மடங்கு குறைவு. செனகல் நாட்டு அமாது தியோப் என்ற பழைய சார்ஜென்ட் தொடுத்த வழக்கில் 2001-ல்தான் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அது பாகுபாடு என்றது. முழுச் சமம் வர 2011 ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

அதனால்தான் நம் ஆட்கள் கடற்கரையில் அணிவகுத்தார்கள், அவர்கள் மாளிகை மதில் ஏறினார்கள் என்று நினைக்கிறேன்.

அரியாங்குப்பத்தான் எழுதியது:

மாஸ்டர், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படித்து முடித்ததும் கொலைகாரன் மேல் பரிதாபம் வருகிறதே, அது சரியா? வேலை இல்லாதவன் எல்லாம் ஜனாதிபதியைச் சுடுகிறானா? இங்கே மில்லுகள் மூடினபோது எத்தனை ஆயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள், மறியல் செய்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒலிம்பியோவை நீங்கள் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அவரும் 1961 தேர்தலில் எதிர்க்கட்சியை நிற்க விடவில்லை, எதிரிகளை உள்ளே போட்டார். ஒரு கட்சி ஆட்சிக்குப் பிள்ளையார் சுழி அவர் போட்டதுதான்.

வைசியாள் வீதி மாஸ்டர் எழுதியது:

1961 விஷயம் சரி. நான் விட்டதற்குக் காரணம் நீளம் மட்டும்தான். ஓட்டுப் பெட்டி வழியாக ஒலிம்பியோவை இறக்க வழி இல்லாமல் போனது கலகக்காரர்களுக்கு வசதி.

பரிதாபம் பற்றி: 1963 ஜனவரி 12 மாலை வரை எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் உண்டு. மறுநாள் காலையிலிருந்து இல்லை. மில் தொழிலாளியையும் அவர்களையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மில்காரன் கையில் நூல் இருந்தது, இவர்கள் கையில் ஆயுதமும் ஆயுதம் பிடித்த பயிற்சியும். அந்தப் பயிற்சியைக் கொடுத்து, மலைக் கிராமங்களில் ஆள் எடுத்து, வேலை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவியது பாரிஸ். எயாதெமா இறந்தபோது ஷிராக் அவரைப் பிரான்சின் நண்பர், தன் சொந்த நண்பர் என்றார். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு என் தகப்பனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கடலூர் ஓ.டி. எழுதியது:

மாஸ்டருக்கு வணக்கம். நான் பழைய கடலூர்க்காரன், லோமே துறைமுகத்தில் அரிசி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். அப்பன் காலம் இல்லை, மகன் ஃபோர் காலம். அதைப் பற்றிக் கொஞ்சம்.

இறங்குகிற விமான நிலையமே நியாசிங்பே எயாதெமா பெயரில்தான். வெளியே வந்தால் மோட்டார் சைக்கிள் டாக்ஸி, செமி என்பார்கள். டவுனில் கண்ணில் படுகிற உயரமான கட்டடம் பிப்ரவரி 2 ஓட்டல். மாஸ்டர் சொன்ன அந்த 1974 ஊர்வலத் தேதிதான் பெயர். கானா எல்லை நகரத்துக்கு ஒட்டியே இருக்கிறது, நம் கடலூர் எல்லை தாண்டிப் பாண்டிக்குள் நுழைகிற மாதிரி, சாயங்காலம் நடந்தே போகலாம். 2005-ல் கலவரம் வந்தபோது ஜனங்கள் அந்த வழியாகத்தான் ஓடினார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த 2005 கதை தனி. ஜனாதிபதி இறந்தால் நாடாளுமன்றத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். அவர் வெளிநாட்டில் இருந்தார். ராணுவம் எல்லையை மூடிவிட்டது, அவர் வந்த விமானம் பெனினில் இறங்க வேண்டியதாயிற்று. அதற்குள் நாடாளுமன்றத்தைக் கூட்டி, அவரை நீக்கி, ஃபோரைத் தலைவர் ஆக்கி, சட்டத்தையும் திருத்தி, பிப்ரவரி 7-ல் பதவிப் பிரமாணம். ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் திட்டியதில் அந்த மாதம் 25-ல் விலகினார். ஏப்ரல் 24 தேர்தலில் ஜெயித்துத் திரும்ப வந்தார். அந்தக் கலவரத்தில் 400-லிருந்து 500 பேர் வரை இறந்ததாக ஐ.நா. விசாரணை சொன்னது.

அலுவலகத்தில் அரசியல் பேச மாட்டார்கள். வடக்கத்திக்காரர் ஒருவர் இருந்தார், கபியே. சரக்கு லாரி டிரைவர். பட்டாளம் முழுக்க உங்க ஆட்கள், அப்ப நீ ஏன் லாரி ஓட்டறே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். பட்டாளத்தில் இருக்கிற தம்பி சம்பளத்தில் எட்டுப் பேர் சாப்பிடுகிறோம், ஒன்பதாவது ஆள் லாரிதான் ஓட்ட வேண்டும் என்றார். ஆட்சி கபியே ஆட்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே, வடக்கே காரா பக்கத்துக் கிராமங்களைப் பார்த்தால் அந்த மலைக்குப் பெரிதாக ஒன்றும் வந்து சேரவில்லை. ஜூலையில் அங்கே எவாலா என்று மல்யுத்தத் திருவிழா, பிள்ளைகள் ஆண்பிள்ளை ஆனதற்கு அடையாளம். பெரியவர் எயாதெமா ஆட்சியில் இருந்தவரை தவறாமல் போய் உட்காருவாராம். டிரைவருக்கு அதில் மட்டும் பெருமை.

மகன் இன்னும் இருக்கிறார். 2024-ல் அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பது இல்லை என்று ஆயிற்று. 2025 மே மாதம் ஃபோர் அமைச்சரவைத் தலைவராகப் பதவி ஏற்றார். அதிகாரம் எல்லாம் அந்த நாற்காலிக்கு, அதற்குப் பதவிக்கால வரம்பும் கிடையாது. ஜனாதிபதி என்று பெயருக்கு ஒரு வயதானவரை உட்கார வைத்திருக்கிறார்கள். 1967-ல் தாஜோ உட்கார்ந்த மாதிரியேதான், மாஸ்டர்.

குருசுக்குப்பம் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் பதிலை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாந்தான் சொன்னனே" என்று அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே கேம்ப் விஷயம் மட்டும் பாக்கி. பெட்டியில் தாத்தாவின் பட்டாளப் புத்தகம், லிவ்ரே, இல்லை. எறும்பு அரித்த சில தாள்கள்தான். சைகோன் 1952 என்று ஒரு முத்திரை படிக்க முடிகிறது. அல்ஜீரியாவில் எந்த ஊர் என்று தெரியவில்லை.

வைசியாள் வீதி மாஸ்டர் எழுதியது:

எயாதெமா 1953-ல்தான் சேர்ந்தார். எனவே 1952 சைகோனில் பார்த்திருக்க வழியில்லை. தாத்தா 1953-க்குப் பிறகும் அங்கே இருந்தாரா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும், ஆப்பிரிக்கப் படைப்பிரிவும் நம் ஆட்கள் இருந்த பிரிவும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே கேம்ப் என்ற பேச்சு. அல்ஜீரியாதான் வாய்ப்பு அதிகம். எயாதெமா அங்கே வருஷக் கணக்கில் இருந்தார், அங்கே பல பிரிவுகள் கலந்தே கிடந்தன.

புத்தகம் தொலைந்ததற்குக் கவலைப்படாதே. பிரெஞ்சுப் பட்டாளத்தின் ஆள் பதிவேடுகள் தெற்குப் பிரான்சில் போ என்ற ஊரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேத்தி என்ற உறவைக் காட்டும் சான்றுகளோடு பணிப் பட்டியல் கேட்டு எழுது. தாத்தாவின் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பட்டாள எண் தெரிந்தால் அதுவும். பெயரை அவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பென்ஷன் தாளைப் பார்த்து அப்படியே எழுது. நம் பெயர்களை ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு மாதிரி எழுதிவைத்திருப்பான், என் தகப்பனாருக்கு மூன்று விதம் இருந்தது. கடிதம் பிரெஞ்சில் வேண்டும். எழுதி இங்கே போடு, பெயர் விவரங்களை மறைத்துவிட்டு. திருத்தித் தருகிறேன்.

அந்தப் பட்டியலில் எந்தத் தேதிக்கு எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று வரிசையாக வரும். வந்ததும் சொல், எயாதெமா இருந்த வருஷங்களோடு ஒத்துப் பார்ப்போம். உன் அப்பாவிடம் அதுவரை பந்தயம் எதுவும் கட்டாதே.